சிவப்பு வளையம்

அந்தப் பையைத் தூக்காதே தம்பி. மேலே வைக்க வேண்டாம், காலடியிலேயே கிடக்கட்டும். உள்ளே இரும்பு இருக்கிறது. பஸ் குலுங்கி எவன் தலையிலாவது விழுந்தால் அதற்கும் என்னைத்தான் பிடிப்பார்கள். இப்போதெல்லாம் எது நடந்தாலும் என்னைத்தான்.

நகரு. ஜன்னல் எனக்கு.

ஓசூர்தானே? நானும் அங்கேதான். தூங்கப் போகிறாயா? தூங்காதே. ஒன்று சொல்கிறேன், கேள். நடுவில் மட்டும் பேசாதே. நடுவில் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

உன் வீட்டில் அந்த டப்பா இருக்கிறதா? பேசுகிற டப்பா. லைட்டைப் போடு என்றால் போடும், மழை வருமா என்றால் சொல்லும். இருக்கிறதா? தலையாட்டுகிறாய். தூக்கிப் போடு. இன்றைக்கே போடு. என் வீடு அதனால்தான் வெறிச்சோடிக் கிடக்கிறது.

என் பெயர் சென்னப்பன். அரூர்ப் பக்கம் வந்து மைக்செட் சென்னப்பன் என்று கேட்டுப் பார். தெரியாதவன் கிடையாது. தாமரை சவுண்ட் சர்வீஸ். பண்டிகை, காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு, எல்லாவற்றுக்கும் ரேடியோ கட்டுவது நான்தான். அந்தக் காலத்தில் பனைமரத்தில் நானே ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவேன். நான் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றால் மூன்று ஊர் நாய் குரைக்கும்.

ஒரு தரம் மாரியம்மன் பண்டிகை. கோவிலுக்கு எதிர்வீட்டு வாத்தியார் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அப்பாவுக்கு இழுத்துக்கிட்டு இருக்குங்க. குழாயைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வைங்க" என்றார். திருப்பினேன். அவர் ஜன்னலைப் பார்த்துத் திருப்பினேன். ஊர்ப் பண்டிகையைவிட இவன் அப்பன் பெரியவனா? கிழவன் மறுநாள் போய்ச் சேர்ந்தான். சாவுக்கும் நான்தான் ரேடியோ கட்டினேன். தொழில் என்றால் தொழில்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், மைக் விஷயத்தில் எவனும் எனக்குப் பாடம் நடத்த முடியாது. அதற்குத்தான்.

என் சம்சாரம் பேர் பூங்காவனம். போன வருஷம் அவளுக்குக் கை உடைந்தது. எப்படி என்கிறாயா? விழுந்தாள். ரசத்தில் உப்பில்லை, தட்டினேன், விழுந்தாள். தட்டினால் ஒரு மனுஷி நிற்க மாட்டாளா? ஆஸ்பத்திரியில் பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று அவளேதான் சொன்னாள். நான் ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

ஓசூரிலிருந்து பையன் வந்தான். இளம்பரிதி. ஒரே பையன், கம்பெனி வேலை. அம்மா கையில் மாவுக்கட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அன்றைக்கே ஓசூருக்குத் திரும்பிவிட்டான். அடுத்த தரம் வந்தபோது கையில் அந்த டப்பா. நேரே போய் ஃபிரிட்ஜ் மேலே வைத்தான்.

"எதுக்குடா இது?" என்றேன்.

"அம்மா ஒரு கையை வெச்சுக்கிட்டுக் கஷ்டப்படுறாங்கப்பா. லைட்டு, ஃபேன் எல்லாம் வாயால சொன்னாப் போதும். நான் அங்கேர்ந்து கூப்பிட்டாலும் இதுலயே பேசலாம். யாரும் எடுக்கவே வேணாம்."

யாரும் எடுக்கவே வேணாமாம். கவனி. கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறவனை என்ன சொல்வோம்? திருடன் என்போம்.

டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தலையில் நாலு ஓட்டை. ஊசி முனை அளவு. மற்றவனுக்கு அது அலங்காரமாகத் தெரியும். எனக்குத் தெரியாதா? மைக்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் கேக்கும்பா" என்றான்.

"பேர் சொன்னதும் முழிச்சுக்குதுன்னா, சொல்றதுக்கு முன்னாடியும் கேட்டுக்கிட்டேதானடா இருந்திருக்கு?"

"அதெல்லாம் எங்கயும் போகாதுப்பா" என்று முனகினான். எங்கேயும் போகாது என்று அவனுக்கு யார் சொன்னது? விற்றவன் சொன்னான். விற்றவன் வேறு என்ன சொல்வான்?

அன்றைக்கே உடைத்திருக்க வேண்டும். பையன் ஆசையாய் வாங்கி வந்தது என்று இவள் கெஞ்சினாள். விட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. வேறு தப்பு எதுவும் நான் செய்யவில்லை.

முதலில் துண்டைப் போட்டு மூடினேன். துண்டுக்குள்ளிருந்து, "மன்னிக்கவும், சரியாகப் புரியவில்லை" என்றது. அரிசிக் குண்டானுக்குள் வைத்தேன். ஒயரைப் பிடுங்கலாம் என்றால், லைட்டெல்லாம் அதோடு சேர்த்துவிட்டான் பையன். எனக்கு மூட்டுவலி, நாற்காலி போட்டு ஏறி பழைய சுவிட்சைத் தேட வேண்டும். வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தலையில் ஒரு பொத்தான். அமுக்கினேன். சுற்றிலும் சிவப்பாக ஒரு வளையம் எரிந்தது.

சிரித்துவிட்டேன். அட, இவ்வளவுதானா!

மேடையில் கழுத்து வளைகிற மைக் பார்த்திருப்பாயே? வாயைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம் இருக்கும். எரிந்தால் மைக்குக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். இருமல் வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும். ஒரு கூட்டத்தில் கட்சி ஆள் ஒருவன் சிவப்பு எரிவதைப் பார்க்காமல், பக்கத்தில் இருந்தவனிடம், "இந்தக் கூட்டத்துக்கு பிரியாணி வேற போடணுமாடா" என்றான். நாலு குழாயிலும் போயிற்று. நான் அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை. கல் வந்தது, நாற்காலி வந்தது, அவன் மண்டை கிழிந்தது. நான் ஆம்ப்ளிஃபயரை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். அதனால் சிவப்பு என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

மறுபடி அமுக்கினேன். சிவப்பு போனது. செத்தது மைக். நிம்மதி.

நிம்மதி எங்கே? சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்புகிறேன், சிவப்பு எரிகிறது.

"யார்றீ அமுக்கினது?"

"நான்தாங்க."

"எதுக்கு?"

"அது எரியட்டுங்க. எரிஞ்சா நமக்கு நல்லதுங்க."

நமக்கு நல்லதாம்! பையனுக்கு ஒலிபரப்புகிறாள், என் வீட்டு விஷயத்தை. வைத்தேன் ஒன்று. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "செவப்பு எரிஞ்சா..." என்று ஏதோ ஆரம்பித்தாள். இன்னொன்று வைத்தேன். மைக்செட் சென்னப்பனுக்குச் சிவப்பு விளக்கு பற்றிப் பாடம் எடுக்கிறாள், அரிக்கேன் விளக்கில் வளர்ந்தவள்.

அதற்குப் பிறகு இதே வேலை. நான் அணைப்பேன். முதுகைத் திருப்பினால் இவள் எரிய வைப்பாள். எனக்குக் கோபம் ஏறுகிற சமயம் பார்த்து, குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், அடுப்பை விட்டுவிட்டு ஓடிப் போய் முதலில் அதைத்தான் அமுக்குவாள். பார்த்தாயா தந்திரத்தை? நான் திட்டுவது ஒன்று விடாமல் அங்கே போய்ச் சேர வேண்டுமாம். அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொள்வாள். அந்தச் சிவப்புக்காக வாங்கியதுதான் அதிகம். சாப்பாட்டுக்கு வாங்கியதெல்லாம் அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

ஆனால் ஒன்று. கத்த மாட்டாள். எவ்வளவு அடித்தாலும் வாயைத் திறக்க மாட்டாள். அக்கம்பக்கத்துக்குத் தெரியாது. அது ஒரு நல்ல பழக்கம் அவளிடம்.

என்ன, முகம் ஒரு மாதிரி போகிறது? கல்யாணம் ஆகிவிட்டதா உனக்கு? இல்லையா? அப்படியானால் கேட்டுக்கொள்.

கார்த்திகை மாசம். மத்தியானம். கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள், ஒரே புளிப்பு. தட்டைத் தள்ளினேன். உடனே இவள் கண் ஃபிரிட்ஜ் மேலே போகிறது. சிவப்பு எரிகிறது. காலையிலேயே எரிய வைத்துவிட்டுத்தான் சமைக்கவே போயிருக்கிறாள். இன்றைக்கு விடுவதில்லை என்று எழுந்து போய் அணைத்தேன். நாற்காலியை இழுத்து ஃபிரிட்ஜுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டேன். இனி எப்படி அமுக்குவாய்?

தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். வைக்கிற மாதிரி குனிந்து, என் தலைக்கு மேலே கையை நீட்டினாள். பிடித்தேன். உடைந்து சேர்ந்த கைதான் சிக்கியது, நான் என்ன பார்த்தா பிடித்தேன்? சுவரில் ஆணியில் பழைய மைக் ஒயர் சுருட்டித் தொங்கியது. எடுத்தேன்.

டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. கரண்டி விழுந்தது என்று நினைத்தேன்.

அன்றைக்கு அவள் பேசினாள். அடிக்காதீங்க என்று சொல்லவில்லை, அதைச் சொல்கிற வழக்கமே இல்லை. வேறு சொன்னாள். "அதை அமுக்கிட்டு அடிங்க." நான் நிறுத்தவில்லை. "கும்புடுறேங்க. அதை அமுக்கிட்டு அடிங்க. அமுக்கிட்டு அடிங்க." அதே பேச்சு. அடி வாங்குகிறவள் பேசுகிற பேச்சா இது? இதில் என்னவோ இருக்கிறது என்று இன்னும் நாலு போட்டேன்.

"அப்பா! அடிக்காதீங்க!"

திரும்பி வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை.

"அப்பா, கையை எடுங்க! அம்மா, கதவைத் தொறந்துக்கிட்டு வெளிய போ. வெளிய போம்மா!"

ஃபிரிட்ஜ் மேலேயிருந்து வருகிறது குரல். எத்தனையோ பேர் குரலை நான் குழாயில் விட்டிருக்கிறேன் தம்பி. என் தலைக்கு மேலே ஒரு குரல் விழுந்தது அன்றைக்குத்தான். ஓசூரில் சோறு தின்றுகொண்டிருந்தவன் என் வீட்டுக்குள்ளே நின்று எனக்கு உத்தரவு போடுகிறான். சிவப்பும் எரியவில்லை!

மூலையில் மைக் ஸ்டாண்டு கிடந்தது. அதன் அடிக்கட்டை நல்ல வார்ப்பிரும்பு, தோசைக்கல் மாதிரி இருக்கும். கழற்றினேன். டப்பாவை இழுத்துத் தரையில் போட்டு ஓங்கி ஒன்று. "அம்மா, போம்மா" என்கிறான். இன்னொன்று. "அம்..." என்றது. பிறகு இல்லை. பேச்சு நின்ற பிறகும் அடித்தேன். தரையில் டைல்ஸ் இரண்டு போயிற்று. நாலு ஓட்டையும் தூளாகிற வரைக்கும் அடித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு எந்தப் பண்டிகையிலும் வந்ததில்லை.

அந்த அடிக்கட்டைதான் பையில் இருக்கிறது.

இவள் வெளியே ஓடினாளா? ஓடவில்லை. முறத்தை எடுத்து வந்து துண்டு துண்டாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கையால். போலீஸ் வந்தபோதும் பொறுக்கிக்கொண்டுதான் இருந்தாள். பையன் ஃபோன் போட்டிருக்கிறான். பெற்ற அப்பன் மேல்.

ஸ்டேஷனில் ஒரு இன்ஸ்பெக்டரம்மா. என் பையன் வயதுதான் இருக்கும். நானே முதலில் புகார் சொன்னேன். "என் வீட்டுக்குள்ள என்னைக் கேக்காம மைக் வெச்சிருக்கான். ஒட்டுக் கேட்டிருக்கான். அவனை உள்ள வைங்க. அதை வித்தவனையும் சேர்த்து உள்ள வைங்க" என்றேன். நியாயம்தானே? என் வீட்டு நாலு சுவருக்குள் நான் எதையும் பேசுவேன், எதையும் செய்வேன். அதைக் கேட்க இன்னொருத்தன் யார்?

அந்தம்மா கேட்டது: "பொத்தானை அமுக்கி வெச்சிருந்தா யாருக்கும் கேட்டிருக்காதேய்யா. ஏன் தொறந்தே வெச்சிருந்தீங்க?"

"நான் அணைச்சேம்மா. சிவப்பு எரியாமப் பார்த்து அணைச்சேன்."

அந்தம்மா பேனாவைக் கீழே வைத்தது. "ஐயா, இதுல சிவப்பு எரிஞ்சா காது மூடியிருக்குன்னு அர்த்தம். எரியலைன்னாத்தான் கேக்கும்" என்றது.

எந்த முட்டாள் செய்தான் இதை? சொல். மூடியிருப்பதற்கா விளக்கு போடுவான்? உலகத்தில் எந்த மைக்கில் அப்படி இருக்கிறது? விளக்கு எரிந்தால் உயிர். அணைந்தால் சாவு. ஒரு மைக்செட்காரனைக் கேட்டுச் செய்திருக்க வேண்டாமா?

மூலை பெஞ்சில் இவள் உட்கார்ந்திருந்தாள், கழுத்தெல்லாம் ஒயர்த் தடம். "உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று அந்தம்மா கேட்டது.

"தெரியுங்க. பையன் காட்டிக் கொடுத்தான்." தரையைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள். "அவன் காதுல விழ வேணாம்னுதான் அமுக்கி அமுக்கி வெச்சேன். அப்பன் இப்படின்னு புள்ளைக்குத் தெரிஞ்சா இவரு மானம் போயிடுமே. இவரு போய்ப் போய்த் தொறந்து விட்டாரு."

கேட்டாயா? போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்துகொண்டு மானத்தைப் பற்றிப் பேசுகிறாள். ஏட்டு ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கிறான், டீக்காரன் வேறு நிற்கிறான். தெரிந்தவள் என்னிடம் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்ல வந்தாளாம், நான் விடவில்லையாம். ஒரு அடிக்கு நிறுத்திவிடுவதா? முக்கியமான விஷயம் என்றால் அடியோடு அடியாகச் சொல்லி முடிக்க வேண்டும்.

சாயங்காலத்துக்குள் பையன் காரோடு வந்தான். என் பக்கம் திரும்பவே இல்லை. புகார் எழுதுகிறீர்களா என்று கேட்டதற்கு இவள், "வேணாங்க, நான் என் புள்ளையோட போறேன்" என்றாள். அதைக் கவனி. புகார் இல்லை. புகார் இல்லை என்றால் என்ன அர்த்தம்? நான் ஒன்றும் செய்யவில்லை என்று அர்த்தம்.

காரில் ஏறினாள். நான் கூப்பிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான் எதையும் நம்புவதில்லை. டி.வி.யில் ஒரு ஓட்டை இருந்தது, உடைத்தேன். என் செல்ஃபோனிலும் கீழே ஒரு ஓட்டை, கிணற்றில் போட்டேன். எதிர்வீட்டுக்காரன் காலிங்பெல்லில் கண்ணும் காதும் வைத்தான். எங்கள் வாசலைப் பார்த்தபடி. பிடுங்கி அவன் கையில் கொடுத்தேன். "பெருசு, உனக்குப் பைத்தியம்" என்றான். சட்டையைப் பிடித்துச் சுவரில் ஒரு மோது. மூக்கில் ரத்தம். அவன் பெண்டாட்டி தெருவையே கூட்டினாள். இப்போது தெருவில் எவனும் என்னோடு பேசுவதில்லை. நல்லதாய்ப் போயிற்று. பேசினால்தானே கேட்பான்?

வீட்டில் நான் மட்டும். ரகசியத்துக்குக் குறைவில்லை. சோறுதான் குழைந்துவிடுகிறது.

அதனால்தான் போகிறேன். அவளைக் கூட்டிவரப் போகிறேன். என்ன, பையைப் பார்க்கிறாய்? பேசத்தான் போகிறேன். பேசிக் கேட்காவிட்டால் அப்புறம் பார்க்கலாம். அவன் வீட்டிலும் ஒரு டப்பா இருக்குமே, முதலில் அதற்கு ஒன்று. குறுக்கே வந்தால் அவனுக்கும் ஒன்று. அவளுக்கு எதுவும் வேண்டாம், என்னைப் பார்த்தாலே எழுந்து வந்துவிடுவாள். எனக்கு அவளைத் தெரியும்.

ஒன்றுதான் இடிக்கிறது. பையன் வீடு மாற்றிவிட்டான். பாகலூர் ரோடு என்று மட்டும் தெரியும், தெரு தெரியாது. எவனும் சொல்ல மாட்டேன் என்கிறான். இவளைக் கேட்டால் சொல்லிவிடுவாள். நான் கேட்டு இவள் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை.

உன் ஃபோனைக் கொடு.

எதற்கா? இவ்வளவு நேரம் என்ன கேட்டாய்? அவள் நம்பர் எனக்கு மனப்பாடம், சிம் வாங்கிக் கொடுத்தவனே நான்தான். உன் நம்பர் என்றால் எடுப்பாள். கொடு. சார்ஜ் இல்லையா? பொய் சொல்லாதே, இப்போதுதானே பாட்டுக் கேட்டாய். கையை இழுக்காதே. நான் பிடித்தால் எலும்பு தாங்காது. கொடு என்றால் கொடு.

ம். அப்படி வா.

கண்டக்டரை எதற்குப் பார்க்கிறாய்? உட்கார். சூளகிரி தாண்டட்டும், பிறகு எழுந்து போகலாம். ஃபோனில் மணி அடிக்கிறது. பேசாதே.

எடுத்துவிட்டாள்.

…

இந்தா, உன் ஃபோன். பிடி.

என்ன சொன்னாள் என்கிறாயா? உனக்குக் கேட்டிருக்காது. "யாருங்க?" என்றாள். தெருப் பேரைக் கேட்க வாயைத் திறந்தேன். ஒரு எழுத்து வெளியே வரவில்லை, அதற்குள், "நீங்கதானே?" என்றாள். மூச்சை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள் தம்பி. என்ன குரல் தெரியுமா அது? குழாயே வேண்டாம், அரூர்ச் சந்தை முழுக்கக் கேட்கும். அந்தத் தொண்டை என் வீட்டில் இருந்ததே இல்லை.

"பேசுங்க" என்றாள். "ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். புள்ளை இருக்கான், மருமக இருக்கா, மாடி வீட்டுக்காரங்களும் இருக்காங்க. எல்லாரும் கேக்குறோம். சொல்லுங்க, என்ன சொல்லணும்?"

காத்துக்கொண்டிருந்தாள். பின்னால் எல்லாரும் சும்மா இருக்கிற சத்தம் கேட்டது. அது எனக்குப் பழக்கமான சத்தம். மேடையில் எவனாவது பேச வருவதற்கு முன்னால் அப்படித்தான் இருக்கும்.

நான் வைத்துவிட்டேன்.

ஏன் பேசவில்லை என்று என்னைக் கேட்கிறாயா? நீ யார் கேட்க? எப்படிப் பேசுவது? நாலு பேர் கேட்கப் பேசுகிற பேச்சா அது?